எந்த வேலைக்கு எந்தக் கையுறை?



இதைப் படிப்பதற்கு முன் உங்கள் இரண்டு கைகளையும் விரித்து வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். உள்ளங்கையில் காய்ப்பு இருக்கும். பால் மரம் வெட்டுகிறவர் கையில் கத்தி பிடித்த தழும்பு இருக்கும். செம்பனைக் குலை தூக்குகிறவர் விரலில் முள் குத்திய புள்ளிகள் இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறுப்பு நகக்கண்ணில் இருந்தால், நீங்கள் ஓய்வு நாளில் மோட்டார் சைக்கிளையோ காடியையோ கழற்றிப் பூட்டுகிறவர் என்று சொல்லிவிடலாம்.

அந்தக் கறுப்பைப் பற்றியும், அதே கையால் வீட்டில் செய்யும் மற்ற வேலைகளைப் பற்றியும்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

தோட்டத்து வேலைக்குக் கையுறை கொடுப்பது யார் பொறுப்பு? நிர்வாகத்தின் பொறுப்பு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று அதன் 26-வது பிரிவு கூறுகிறது. கொடுத்ததைப் போட்டுக் கொள்வது நம் கடமை என்று 24-வது பிரிவு கூறுகிறது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கீழே காடியைத் தூக்கி வைத்து நாமே எண்ணெய் மாற்றும்போது முதலாளியும் நாமே, தொழிலாளியும் நாமே. அங்கே கையுறை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. 'ஏன் போடவில்லை?' என்று கேட்கவும் ஆள் இல்லை. அதனால்தான் வேலையிடத்தில் தப்பித்த கை வீட்டில் கெட்டுப் போகிறது.

பிறையில் ஒருவர் கதை

பிறையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அப்பா அம்மா இருவரும் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். இவர் தொழிற்சாலையில் வேலை. முன்னே கரும்பும் பின்னே ரப்பரும் விளைந்த செபராங் பிறை மண்ணில் தொழிற்சாலைகள் வந்த பிறகு, நம் பிள்ளைகள் பலருடைய பிழைப்பு இப்படித்தான் மாறியது. கைத்திறன் உள்ள மனிதர். ஓய்வு நாளில் அக்கம்பக்கத்தார் மோட்டார் சைக்கிள்களை எல்லாம் அவரே பழுது பார்ப்பார்.

ஒருநாள் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவும்போது, கை எரிகிறதே என்று அவர் மனைவி பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறையை மாட்டிக் கொண்டார். அரை மணி நேரம் ஆகவில்லை. கையுறை ஊறிய அப்பளம் மாதிரி உப்பி, விரல் நுனியில் கிழிந்து விட்டது. கழற்றி வீசினார். "கிளவுஸ் எல்லாம் சும்மாங்க, ஏமாத்து வேலை" என்று சொல்லி, அன்றோடு கையுறைக்கே ஒரு கும்பிடு போட்டு விட்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் வெறுங்கைதான். வேலை முடிந்ததும் அதே பெட்ரோலில் கையைக் கழுவிக் கொள்வார்.

இன்று அவர் உள்ளங்கைத் தோல் காய்ந்த வயல் மாதிரி வெடித்துக் கிடக்கிறது. சோறு பிசைந்து சாப்பிட முடியாது. குழம்பு பட்டால் எரியும், உப்புப் பட்டால் ரத்தம் கசியும். கரண்டியால்தான் சாப்பிடுகிறார். கல்யாண வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தால் கையை மடியில் மறைத்துக் கொள்கிறார். மருத்துவர் மருந்து கொடுத்திருக்கிறார். ஆனால் பெட்ரோலையும் எண்ணெயையும் மறுபடி தொட்டால் மருந்தால் பயன் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

கையுறை அவரை ஏமாற்றியதா? இல்லை. நல்ல கையுறைதான். ஆனால் அந்த வேலைக்கு உரிய கையுறை அல்ல. இதுதான் இன்றைய பாடம்.

ரப்பருக்கு எது பகை?

ரப்பர் பாலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மங்கில் சொட்டிய பால், ஸ்டோரில் ஆசிட் விட்டு உறைந்த பால், மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் என்று எல்லாம் பார்த்தவர்கள் நாம். அந்தப் பாலில் செய்த கையுறை நன்றாக இழுபடும். கைக்கு ஒட்டி உட்காரும். தண்ணீர், சோப்பு, நீர்த்த ஆசிட், சலவைக் காரம் இவற்றைத் தாங்கும்.

ஆனால் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய், கிரீஸ் இவற்றோடு அதற்கு ஆகாது. ரப்பரும் பெட்ரோலும் ஒரே சாதிப் பொருள்கள். கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்து உண்டானவை. ஆகையால் பெட்ரோல் ரப்பருக்குள் புகுந்து கொள்ளும். ரப்பர் உப்பும், இளகும், பிறகு கிழியும். இது பழைய சங்கதி. ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மெக்கின்டாஷ் என்பவர் 1823-இல் மழைக்கோட்டுத் துணி செய்தது எப்படித் தெரியுமா? தாரிலிருந்து எடுத்த நாப்தா என்ற எண்ணெயில் ரப்பரைக் கரைத்துத் துணியில் பூசித்தான். ரப்பரைக் கரைக்கும் குணம் உள்ள பொருளில் ரப்பர் கையுறையோடு கையை விடலாமா?

தேங்காய் எண்ணெயும் வாசலினும்கூட ரப்பரைக் கெடுக்கும். கைக்கு எண்ணெய் தடவிக் கொண்டு ரப்பர் கையுறை மாட்டாதீர்கள்.

எண்ணெய் வேலைக்கு வந்தது நைட்ரைல் கையுறை. பார்க்க ரப்பர் மாதிரியே இருக்கும். பெரும்பாலும் நீலம் அல்லது கறுப்பு நிறம். ஆனால் மரத்திலிருந்து வருவது அல்ல. பெட்ரோலியத்திலிருந்து எடுத்த பொருள்களைத் தொழிற்சாலையில் சேர்த்துச் செய்வது. எண்ணெய், கிரீஸ், டீசல் இவற்றை நன்றாகத் தாங்கும். பெட்ரோலைக் கொஞ்ச நேரம் தாங்கும். தின்னர், அசிட்டோன் இவற்றிடம் மட்டும் தோற்றுப் போகும். சாயம் அடிக்கிற வேலையில் இதை மறக்கக் கூடாது.

2020 பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் வாங்கிய ரப்பர், நைட்ரைல் கையுறைகளில் பாதிக்கு மேல் நம் மலேசியாவில் செய்தவைதான். உலகத்துக்கே கையுறை செய்து கொடுக்கும் நாட்டில், பால் வெட்டிய குடும்பத்தின் கை வெடித்துக் கிடப்பது நியாயமா?

கையுறை பிறந்த கதை

மருத்துவர்கள் ரப்பர் கையுறை போட்டது நோயாளியைக் காப்பாற்றத்தான் என்று நாம் நினைக்கிறோம். ஆரம்பம் அப்படி இல்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சை அறையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தாதி வேலை பார்த்தார். கிருமியைக் கொல்ல அங்கே பயன்படுத்திய பாதரச மருந்து அவர் கையைப் புண்ணாக்கி விட்டது. வேலையை விட்டுப் போகும் நிலை. அங்கிருந்த வில்லியம் ஹால்ஸ்டட் என்ற அறுவை மருத்துவர், 1889–90 குளிர்காலத்தில் ஒரு ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி அவர் கைக்கென்றே மெல்லிய கையுறை செய்து வரவழைத்தார். 1890-இல் இருவரும் மணம் செய்து கொண்டார்கள். நோயாளிக்கும் அது நல்லது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஆக, ஒரு வேலைக்காரப் பெண்ணின் கையைக் காப்பாற்றப் பிறந்ததுதான் மருத்துவமனைக் கையுறை. கையுறை போடுவது சொகுசு அல்ல.

கறுப்பு எண்ணெய் ஏன் ஆபத்து?

புது எஞ்சின் எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கும். ஓடிய எண்ணெய் கறுப்பாக வரும். எஞ்சினுக்குள் எரிந்ததன் மிச்சம், உலோகத் தூள், கரி எல்லாம் அதில் கலந்திருக்கும். அந்த மிச்சத்தில் தோல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்களும் உண்டு.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒருநாள் பட்டதால் ஒன்றும் ஆகிவிடாது. வருஷக்கணக்கில் ஊறுவதுதான் கெடுதல். இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் நூல் நூற்ற ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே, மறைவான இடத்தில் தோல் புற்றுநோய் வந்தது. காரணம் என்ன? இயந்திரத்துக்கு விட்ட எண்ணெய் தெறித்து அவர்கள் கால்சட்டையில் நாளெல்லாம் ஊறியது. 1922-இல் மருத்துவர்கள் இதை எழுதி வெளியிட்டார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெய்களை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. எண்ணெய் துடைத்த துணியைக் கால்சட்டைப் பையில் சொருகிக் கொள்ளும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். கையில் கையுறை, பையில் எண்ணெய்த் துணி என்றால் என்ன பிரயோசனம்?

வேலைக்கு ஏற்ற கையுறை

*எண்ணெய் மாற்றுதல், கிரீஸ் போடுதல், சங்கிலி துடைத்தல்:* ஒருமுறை போட்டு வீசும் நைட்ரைல் கையுறை. நூறு எண்ணிக்கை கொண்ட பெட்டி வாங்கினால் ஐம்பது தடவைக்கு வரும். மருத்துவமனையில் போடுவது 0.1 மில்லிமீட்டர் கனம் அளவில் இருக்கும். காடி வேலைக்கு அதைவிடக் கனமானது, 0.15 முதல் 0.2 வரை உள்ளது நல்லது.

*நட்டு கழற்றுதல், டயர் மாற்றுதல், இரும்பு தூக்குதல்:* நைலான் நூலில் பின்னி உள்ளங்கையில் நைட்ரைல் பூசிய கையுறை. பிடி வழுக்காது, நாள்பட உழைக்கும். ஆனால் கவனியுங்கள், அதன் புறங்கைப் பக்கம் வெறும் நூல்தான். எண்ணெய் அந்த வழியாக ஊறி உள்ளே வரும். எண்ணெயும் இரும்பும் சேர்ந்த வேலை என்றால் உள்ளே மெல்லிய நைட்ரைல், மேலே இந்தப் பின்னல் கையுறை என்று இரண்டு போடுங்கள்.

*வெள்ளைப் பருத்தி நூல் கையுறை:* மலிவு. முள், சிராய்ப்பு, காய்ந்த சாமான் இவற்றுக்குச் சரி. திரவம் எதற்கும் ஆகாது. எண்ணெயைக் குடித்துக் கொண்டு நாள் முழுக்கத் தோலோடு ஒட்டி வைத்திருக்கும். அதைவிட வெறுங்கையே மேல், கழுவவாவது முடியும்.

*பேட்டரி:* உள்ளே இருப்பது கந்தக ஆசிட். முழங்கைப் பக்கம் வரை வரும் கனமான ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி இரண்டும் வேண்டும். மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். மோதிரம் இரண்டு முனைக்கும் நடுவே பட்டால் பழுத்த இரும்பாகி விரலைச் சுட்டு விடும். பேட்டரி பக்கத்தில் சிகரெட் கூடவே கூடாது.

*சூடான புகைக்குழாய், வெல்டிங்:* தோல் கையுறைதான். ரப்பரும் நைட்ரைலும் சூட்டில் இளகிக் கையோடு ஒட்டும். தோல் கையுறை ஈரமாக இருந்தாலும் சூடு பாயும், காய்ந்திருக்க வேண்டும்.

*பாத்திரம், துணி, கழிப்பறை:* வீட்டு ரப்பர் கையுறை போதும். சமையலறைக்கு ஒரு நிறம், கழிப்பறைக்கு வேறு நிறம் என்று வைத்துக் கொள்ளுங்கள். குளோராக்ஸையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுப் புகை கிளம்பும். கையுறை நெஞ்சைக் காக்காது.

*சிமெண்ட்:* ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். முதலில் வலிக்காது, இரவில்தான் தோல் வெந்திருப்பது தெரியும். மணிக்கட்டுக்கு மேல் வரும் ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை வேண்டும். உள்ளே சிமெண்ட் போய்விட்டால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். உள்ளே மாட்டிய சிமெண்ட் வெளியே பட்டதைவிட அதிகம் சுடும்.

*மின்சாரம்:* வீட்டு ரப்பர் கையுறையை நம்பி வயரைத் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊசித் துளையும், உள்ளே இருக்கும் வியர்வையும் போதும். மின்சாரக்காரர்கள் போடுவது தனியாகச் சோதித்துச் செய்த கையுறை. மெயின் சுவிட்சை அணையுங்கள், வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கையுறை போடக் கூடாத இடம்

இது பலருக்குத் தெரியாது. சுற்றுகிற எதற்கும் பக்கத்தில் கையுறை கூடாது. ஓடும் எஞ்சினின் பெல்ட்டு, காற்றாடி, துளைபோடும் இயந்திரம், மோட்டார் சைக்கிள் சங்கிலி இவை கையுறையின் நுனியைப் பிடித்தால் விரலோடு இழுத்துக் கொள்ளும். எஞ்சினை ஓடவிட்டுச் சங்கிலி துடைப்பவர்களைப் பார்க்கிறோம். எஞ்சினை அணையுங்கள், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், பிறகு துடையுங்கள். பத்து நிமிஷ வேலைக்கு விரலைப் பணயம் வைக்க வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. *அளவு:* தையல் டேப்பை எடுத்துக் கட்டைவிரலை விட்டு உள்ளங்கையைச் சுற்றி அளங்கள். ஏழு அங்குலம் என்றால் 7-ஆம் நம்பர், எட்டு என்றால் 8, ஒன்பது என்றால் 9. தளர்ந்த கையுறை வழுக்கும், மாட்டும். இறுகிய கையுறை சீக்கிரம் கிழியும். 'எல்லாருக்கும் ஒரே அளவு' என்று விற்பது பெரும்பாலும் யாருக்கும் சரியாக இருக்காது. பெண்கள் கைக்கு ஆண்கள் அளவைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

2. *கேடயக் குறி:* நல்ல கையுறையின் புறங்கையில் சிறிய கேடயப் படமும் ஈ.என். 388 என்ற எண்ணும் இருக்கும். அது ஐரோப்பியத் தரக் குறி. கீழே நான்கு எண்கள் வரிசையாக இருக்கும். முதலாவது தேய்மானம், இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிசல், நான்காவது குத்து. எண் கூடக் கூடத் தாங்கும் சக்தி கூடும். நாள்பட உழைக்க வேண்டும் என்றால் முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் பாருங்கள். தேய்மானத்துக்கு மிக உயர்ந்தது 4. எண் இருக்கும் இடத்தில் 'எக்ஸ்' இருந்தால் அந்தச் சோதனை செய்யவில்லை என்று பொருள்.

3. *குடுவைக் குறி:* ரசாயனம் தாங்கும் கையுறையில் ஈ.என். 374 என்ற எண்ணும் குடுவைப் படமும் இருக்கும். அதன் கீழ் உள்ள ஆங்கில எழுத்துக்கள் எந்தப் பொருளைத் தாங்கும் என்பதைச் சொல்லும். 'ஜே' என்றால் பெட்ரோல் வகையைச் சேர்ந்த ஹெப்டேன், 'கே' என்றால் காஸ்டிக் சோடா, 'எல்' என்றால் கந்தக ஆசிட். இந்த மூன்று எழுத்தை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக் கொண்டால் போதும்.

4. *நீளம்:* திரவ வேலைக்கு மணிக்கட்டைத் தாண்டி வர வேண்டும். கையை மேலே தூக்கி வேலை செய்வதானால் நுனியை வெளிப்பக்கம் மடித்து விடுங்கள். வழியும் எண்ணெய் மடிப்பில் தங்கும், கைக்குள் இறங்காது.

5. *பவுடர்:* உள்ளே மாவு போட்ட ரப்பர் கையுறையைத் தவிருங்கள். அந்த மாவு ரப்பரில் உள்ள புரதத்தைக் காற்றில் கொண்டு போகும். சிலருக்கு அது ஒவ்வாமையை உண்டாக்கும். அமெரிக்கா 2017-இல் மாவு போட்ட மருத்துவக் கையுறைகளையே தடை செய்து விட்டது.

ரப்பர் கையுறை போட்ட கொஞ்ச நேரத்தில் அரிப்பு, தடிப்பு, மூக்கு ஒழுகல் வந்தால் ரப்பரை விட்டு நைட்ரைலுக்கு மாறுங்கள். மூச்சு இழுத்தால் தாமதிக்காமல் ஆசுபத்திரிக்குப் போங்கள்.

சோதனை, கழற்றுதல், பத்திரம்

போடுமுன் கையுறையின் வாயை மடித்துச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து அமுக்குங்கள். தண்ணீரில் முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். சைக்கிள் டியூப் பார்க்கிற மாதிரிதான். ஓட்டை இருந்தால் வீசுங்கள். ஓட்டைக் கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம். உள்ளே போன விஷம் வெளியே வராது.

வேலை முடிந்ததும் திரும்பப் போடும் கையுறையைக் கையில் இருக்கும்போதே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கழற்றுங்கள். ஒருமுறை கையுறை என்றால், ஒரு கையின் மணிக்கட்டுப் பக்கம் பிடித்து உள்பக்கம் வெளியே வரும்படி உரியுங்கள். உரித்ததை மற்றக் கையில் பிடித்துக் கொண்டு, வெறும் விரலை உள்ளே விட்டு மற்றதையும் அப்படியே உரியுங்கள். வெளிப்பக்கம் தோலில் படக் கூடாது.

நிழலில் தொங்கவிட்டுக் காய வையுங்கள். வெயிலில் கிடந்த ரப்பர் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும்.

கறுப்பான கையைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். சமையலறையில் இருக்கும் செம்பனை எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து, கொஞ்சம் சீனி சேர்த்துக் கையில் தேயுங்கள். எண்ணெய் கறுப்பை இளக்கும், சீனி உரசி எடுக்கும். அப்புறம் சோப்பு. இரவில் படுக்கப் போகும்போது தேங்காய் எண்ணெய் தடவலாம்.

மருந்தடித்த கையுறை வீட்டுக்கு வரக் கூடாது

மூத்தவர்களுக்குப் பாராகுவாட் மருந்து நினைவு இருக்கும். அதை அடித்த பெண்களில் நகம் கறுத்து விழுந்தவர்கள் உண்டு. புண்ணான தோல் வழியாகவே உடம்பில் ஏறக்கூடிய விஷம் அது. 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்தார்கள். ஆனால் களைக்கொல்லி அடிக்கும் வேலை ஒழிந்துவிடவில்லை. வேறு மருந்துகள் வந்துவிட்டன.

ஆகவே மருந்தடித்த கையுறையை வீட்டுக்கு எடுத்து வந்து பாத்திரம் கழுவவோ, காடி துடைக்கவோ, மீன் ஆயவோ பயன்படுத்தாதீர்கள். 'நல்லாத்தானே இருக்கு, வீசுவானேன்' என்று மனசு சொல்லும். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். மருந்து கையுறையின் உள்ளே ஊறியிருக்கும். கிழிந்த கையுறையோடு மருந்தடிக்கச் சொன்னால் புதிது கேளுங்கள். கொடுக்காவிட்டால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். வேலையால் வந்த தோல் நோய்க்குச் சொக்சோவில் உரிமை கோர வழி உண்டு. அதற்கு மருத்துவரிடம் 'இன்ன வேலை செய்கிறேன், இன்ன மருந்து தொடுகிறேன்' என்று விவரமாகச் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும்.

கையில் பட்டுவிட்டால்

ஆசிட்டோ காரமோ பட்டால் முதலில் கையுறையைக் கழற்றுங்கள். ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் விடாமல் காட்டுங்கள். கிச்சாப்பு, பற்பசை, மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு உடனே ஆசுபத்திரி.

கிரீஸ் துப்பாக்கி அல்லது டிராக்டரின் ஹைட்ராலிக் குழாய் பீய்ச்சி விரலில் சிறு துளை விழுந்தால், வலி இல்லை என்று விட்டு விடாதீர்கள். எண்ணெய் உள்ளே வெகுதூரம் போயிருக்கும். மணிக்கணக்கில் தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். பிறை வட்டாரத்தார் செபராங் ஜெயா மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகலாம். அவசர எண் 999. விஷம் பற்றி மருத்துவர்களுக்கும் மக்களுக்கும் ஆலோசனை சொல்லும் தேசிய நச்சு மையம், பாலத்துக்கு அக்கரையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. ஆசுபத்திரிக்குப் போகும்போது மருந்து டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.

நீங்கள் கேட்பவை

*"ஐயா, கிளவுஸ் போட்டா கை வெந்து போவுதே?"*
உண்மைதான், நம் ஊர் வெக்கை அப்படி. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு மேலே மற்றதைப் போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கழற்றிக் கையைத் துடைத்துக் காய விடுங்கள். உள் கையுறையைத் தினம் துவையுங்கள்.

*"நல்ல கையுறை விலை கூடுதலா இருக்கே?"*
ஒரு கணக்குப் போடுவோம். மூன்று வெள்ளிக் கையுறை மூன்று நாளில் கிழிந்தால் நாளுக்கு ஒரு வெள்ளி. பதினைந்து வெள்ளிக் கையுறை மூன்று மாதம் உழைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 17 காசு. எது மலிவு?

*"என் பையனுக்குப் பதினாலு வயசு. அப்பா காடி செய்யிறப்ப கூடவே நிக்கிறான். அவனுக்கும் வேணுமா?"*
கட்டாயம் வேண்டும், அவன் கை அளவுக்கே வாங்குங்கள். அதைவிட முக்கியம், அவன் அப்பா போட வேண்டும். பையன் கற்றுக் கொள்வது அப்பா சொல்வதை அல்ல, செய்வதைத்தான்.

முன்னே சொன்ன பிறை நண்பர் இப்போது கறுப்பு நைட்ரைல் பெட்டி ஒன்றை ஸ்பானர் பெட்டிக்கு மேலேயே வைத்திருக்கிறார். பழுது பார்க்க வண்டி கொண்டு வருகிறவரிடமும் ஒரு ஜோடியை நீட்டி, "மொதல்ல இதப் போடுங்க, அப்புறம் தொடலாம்" என்கிறார். கை இன்னும் முழுசாக ஆறவில்லை. போன பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை மட்டும் விரலால் எடுத்துச் சாப்பிட்டாராம். எரியவில்லையாம்.